நிபுணர் தன் சாட்சியத்தை மாற்றினால்… அமானிதமா? மோசடியா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நீதிமன்றச் செய்திகளைப் படிக்கும்போது "பிறழ் சாட்சி" என்ற வார்த்தையை அடிக்கடி பார்க்கிறோம். போலீஸிடம் ஒன்று சொன்னவர், கூண்டில் ஏறியதும் வேறொன்று சொல்கிறார். படித்தவுடனே நாம் முடிவு கட்டிவிடுகிறோம்: பணம் வாங்கியிருப்பார், அல்லது மிரட்டியிருப்பார்கள்.

ஆனால் வேறொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கூண்டில் நிற்பவர் ஒரு டாக்டர். பிரேதப் பரிசோதனை செய்து, இது கொலைதான் என்று ரிப்போர்ட் எழுதியவர். அவருடைய வார்த்தையை நம்பி ஒருவரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே டாக்டர் வந்து, அன்று நான் சொன்னதில் இப்போது எனக்கு உறுதி இல்லை என்கிறார். இவரையும் பிறழ் சாட்சி என்று தள்ளிவிடலாமா? அல்லது இவர் அல்லாஹ்வுக்கு அஞ்சி அமானிதத்தை நிறைவேற்றியவரா?

சாட்சியத்தை மாற்றுவது எப்போது பாவம், எப்போது கடமை, மாற்ற வேண்டிய நிலை வந்தால் அதை எப்படிச் செய்வது என்பதை இன்றைய ஜும்ஆவில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நிபுணர் என்பவர் யார்?

சாதாரண சாட்சி, தான் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறார். நிபுணர் சம்பவத்தைக் கண்டவர் அல்ல. காயத்தையும் கையெழுத்தையும் ரேகையையும் இரசாயனப் பொருளையும் ஆராய்ந்து, தன் கல்வியையும் அனுபவத்தையும் கொண்டு கருத்துச் சொல்பவர். நம் நாட்டின் சாட்சியச் சட்டத்தில் முன்பு 45ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமில் 39ஆவது பிரிவாக இருக்கிறது. அறிவியல், கலை, கையெழுத்து, விரல் ரேகை போன்றவற்றில் நிபுணரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்கிறது அது. கருத்துச் சொல்வது நிபுணரின் வேலை. தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை.

இது மார்க்கத்திற்குப் புதிய விஷயம் அல்ல. நமக்குத் தெரியாததை அறிந்தவர்களிடம் கேட்கும்படி அல்லாஹ் 16:43 வசனத்தில் கட்டளையிடுகிறான். ஃபிக்ஹு நூல்களில் நிபுணர்களுக்கு "அஹ்லுல் ஃகிப்ரா" என்று பெயர். காயத்தின் ஆழத்தை மருத்துவரிடமும், பொருளின் விலையைச் சந்தை நிலவரம் அறிந்தவரிடமும், கட்டடத்தின் குறையைக் கொத்தனாரிடமும் காழி கேட்பார்.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. உஸாமா (ரலி) கருத்த நிறம், அவர்களின் தந்தை ஸைத் (ரலி) வெளுத்த நிறம். இதை வைத்துச் சிலர் அந்தப் பிள்ளையின் வம்சத்தில் சந்தேகம் கிளப்பினார்கள். ஒருநாள் இருவரும் தலையை மூடி ஒரே போர்வையில் படுத்திருந்தார்கள். பாதங்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. உடல் அடையாளங்களைக் கொண்டு வம்சத்தை அறிவதில் தேர்ந்தவரான முஜஸ்ஸிஸ் அல் முத்லிஜி அந்தப் பாதங்களைப் பார்த்து, இவை ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தவை என்றார். அதைக் கேட்டு முகம் மலர்ந்தவர்களாக நபி (ஸல்) அவர்கள் தம்மிடம் வந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது. ஒரு நிபுணரின் ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தின் கண்ணியத்தைக் காத்தது.

நிபுணரின் வார்த்தைக்கு உள்ள எடை

கண்ணியத்தைக் காக்கும் அதே வார்த்தைக்கு ஒரு குடும்பத்தை அழிக்கவும் சக்தி உண்டு. இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஸாலி கிளார்க் என்ற பெண் ஒரு வழக்கறிஞர். அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தாயே கொன்றுவிட்டார் என்று வழக்கு வந்தது. 1999இல் நடந்த விசாரணையில், புகழ்பெற்ற குழந்தை மருத்துவரான ராய் மெடோ ஒரு கணக்குச் சொன்னார். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறப்பது 8,543இல் ஒன்று. இரண்டு குழந்தைகள் இறப்பது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. அதாவது முதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கிவிட்டார்.

அந்தப் பெருக்கல் தவறு. ஒரே தாய் தந்தை, ஒரே வீடு, ஒரே பரம்பரை. ஒரு குழந்தைக்கு இருந்த ஆபத்து அடுத்த குழந்தைக்கும் இருக்கலாம். அவர் குழந்தை மருத்துவர்தான், புள்ளியியல் அறிஞர் அல்லர். இந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லை என்று இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் சங்கம் 2001இல் பகிரங்கமாக அறிவித்தது. அதோடு, பிரேதப் பரிசோதனை செய்த வேறொரு மருத்துவர், இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமி இருந்ததைக் காட்டிய சோதனை முடிவுகளை வெளியில் சொல்லாமல் இருந்ததும் பின்னர் தெரிய வந்தது. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அந்தத் தாய் 2007இல் இறந்துபோனார்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, தன் துறையைத் தாண்டிப் பேசுவது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் ஏற்படும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூது, இப்னுமாஜா போன்ற நூல்களில் பார்க்கிறோம். அறிவில்லாத விஷயத்தின் பின்னால் போக வேண்டாம் என்றும், செவி, பார்வை, உள்ளம் எல்லாம் விசாரிக்கப்படும் என்றும் 17:36 வசனம் எச்சரிக்கிறது. இரண்டாவது, கையில் இருக்கும் உண்மையை மறைப்பது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளமே பாவத்தில் இருக்கிறது என்று 2:283 வசனத்தில் அல்லாஹ் கூறுகின்றான். பேசாமல் இருந்தது நாவுதான் என்றாலும், பாவத்தை அல்லாஹ் உள்ளத்தோடு சேர்த்துச் சொல்கிறான்.

உண்மைக்காக மாறுவது கண்ணியம்

நிபுணர்கள் ஏன் தங்கள் தவறை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்? பெயர் போய்விடும், இனி யாரும் நம்மை அழைக்க மாட்டார்கள், பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் தோண்டுவார்கள் என்ற பயம்தான். நம் முன்னோர்களை இந்தப் பயம் தடுக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதைப் பார்த்தார்கள். அதனால் பயன் இருக்கும் என்று தாம் நினைக்கவில்லை என்றார்கள். மக்கள் அதை விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. விஷயம் தெரிந்ததும், அது என் யூகம்தான், பயன் தருமானால் செய்யுங்கள், உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பல அறிவிப்புகளாக வந்திருக்கிறது. வஹீ வேறு, தனிப்பட்ட யூகம் வேறு என்று அண்ணலாரே பிரித்துக் காட்டினார்கள். படைப்புகளில் மிக உயர்ந்தவர்கள் விவசாயிகளின் அனுபவத்தை ஏற்றுக்கொண்டபோது, நம்முடைய ரிப்போர்ட் எந்த மூலைக்கு?

தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரின் சம்பவத்தை அல்லாஹ் 21:78, 79 வசனங்களில் சொல்கிறான். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் ஒருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. நஷ்டத்திற்கு ஈடாக ஆடுகளை நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடும்படி தாவூத் (அலை) தீர்ப்பளித்ததாக முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். மகன் சுலைமான் (அலை) வேறு வழி சொன்னார்கள்: ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை, நிலத்துக்காரர் ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் பயன்படுத்திக்கொள்ளட்டும், பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. அரசரும் நபியுமான தந்தை, தம் மகனின் கருத்தை ஏற்றார்கள். அந்த விளக்கத்தை சுலைமானுக்கு வழங்கியதாகச் சொன்ன அல்லாஹ், தாவூதைக் குறை சொல்லவில்லை. இருவருக்கும் ஞானமும் கல்வியும் கொடுத்ததாகவே கூறுகின்றான்.

உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதம், காழிகளுக்கான சட்டநூல் போன்றது. தாரகுத்னீ, பைஹகீ போன்ற இமாம்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நேற்று ஒரு தீர்ப்புச் சொன்னீர்கள், இன்று யோசித்ததில் சரியானது வேறு என்று தெரிந்தால், நேற்றைய தீர்ப்பு உங்களைத் தடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். உண்மை பழமையானது, அசத்தியத்தில் நீடிப்பதைவிட உண்மையின் பக்கம் திரும்புவதே மேல் என்று கலீஃபா விளக்கினார்கள். "ருஜூஉ" என்றால் திரும்புதல். உண்மை இருந்த இடத்திலேயே இருக்கிறது. விலகிப்போன மனிதன்தான் அதனிடம் திரும்பி வருகிறான்.

அதே அபூமூஸா (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்ததைப் பாருங்கள். மகள், மகனின் மகள், சகோதரி ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால் சொத்துப் பங்கீடு எப்படி என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. மகளுக்குப் பாதி, சகோதரிக்குப் பாதி என்றார்கள். இப்னு மஸ்ஊதிடமும் கேளுங்கள், அவரும் இதையே சொல்வார் என்றும் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அதை ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் தீர்ப்புப்படி மகளுக்குப் பாதி, மகனின் மகளுக்கு ஆறில் ஒன்று, மீதி சகோதரிக்கு என்றார்கள். இது தெரிந்ததும் அபூமூஸா (ரலி) என்ன செய்தார்கள்? வாதாடவில்லை, கோபப்படவில்லை. இந்த மாமேதை உங்களிடையே இருக்கும்வரை என்னிடம் கேட்காதீர்கள் என்றார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. அந்தத் திருத்தம் நடக்காமல் போயிருந்தால், மகனின் மகளுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. பெரியவர் ஒருவரின் பெயரைவிட ஒரு பெண் பிள்ளையின் ஆறில் ஒரு பங்கு ஸஹாபாக்களுக்குப் பெரிதாக இருந்தது.

இமாம்களும் இப்படியே வாழ்ந்தார்கள். தம்மிடம் கேட்பதையெல்லாம் எழுதிவிட வேண்டாம், இன்று சொல்லும் கருத்தை நாளை விட்டுவிடக்கூடும் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தம் மாணவர் அபூயூசுஃபிடம் சொன்னதாக வருகிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இராக்கில் சொன்ன பல கருத்துகளை எகிப்துக்குச் சென்ற பின் மாற்றினார்கள். முந்தியது "கதீம்", பிந்தியது "ஜதீத்". இன்றும் நம் மத்ரஸாக்களில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது. இதனால் இமாமின் மதிப்பு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் ஒரு முடி அளவும் குறையவில்லை.

திரும்பி வந்த ஒரு மருத்துவர்

நம் காலத்து உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆட்ரி எட்மண்ட்ஸ் என்ற பெண் தன் வீட்டில் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அவரிடம் விடப்பட்ட ஏழு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. குழந்தையை வேகமாகக் குலுக்கியதால் மூளையில் காயம் ஏற்பட்டது என்றார்கள் மருத்துவர்கள். இப்படிப்பட்ட காயம் பட்ட குழந்தை உடனே நிலைகுலைந்துவிடும். ஆகவே கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர்தான் குற்றவாளி. இந்த நேரக் கணக்கைச் சொன்னவர்களில் ஒருவர், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ராபர்ட் ஹண்டிங்டன். 1996இல் அந்தப் பெண் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது; 18 ஆண்டுகள் தண்டனை விதிக்கப்பட்டது.

பின்னர் அந்த டாக்டர் வேறொரு குழந்தையின் விஷயத்தில், காயம் ஏற்பட்ட பிறகும் குழந்தை சில மணி நேரம் நினைவோடு இருந்ததைக் கண்டார். அவருடைய பழைய உறுதி ஆட்டம் கண்டது. 2007இல் அதே வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தபோது, முன்பு அரசுத் தரப்பில் சாட்சி சொன்ன அவர் இம்முறை எதிர்த்தரப்பில் சாட்சி சொன்னார். காயம் எப்போது ஏற்பட்டது என்று தான் அன்று சொன்னதை இன்று சொல்ல முடியாது என்றார். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு அரசுத் தரப்பே குற்றச்சாட்டைக் கைவிட்டது.

நான் சொன்னது சரிதான் என்று இருந்துவிட அவரால் முடிந்திருக்கும். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். தன் வாயால் சொன்னதைத் தன் வாயாலேயே திரும்பப் பெற்றார். தமக்கே எதிராக இருந்தாலும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்று 4:135 வசனத்தில் அல்லாஹ் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறானே, அந்தத் தரத்தை ஈமான் கொண்ட நாம் எட்டியிருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாமதத்தின் விலை

சகோதரர்களே! திருத்தம் நல்லதுதான். ஆனால் பிந்தி வரும் திருத்தத்திற்கு விலை உண்டு. எட்மண்ட்ஸ் என்ற அந்தப் பெண் சிறையில் கழித்தது சுமார் 11 ஆண்டுகள். தன் பிள்ளைகள் வளர்ந்த காலத்தை யார் அவருக்குத் திருப்பித் தர முடியும்?

டெக்ஸாஸ் மாநிலத்தில் நடந்த ராபின்ஸ் வழக்கு இன்னும் ஒரு படி மேல். 17 மாதக் குழந்தை ஒன்றின் மரணம் தொடர்பாக அவருக்கு 1999இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. மூச்சை அடைத்துக் கொன்றிருக்கிறார் என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சாட்சி சொல்லியிருந்தார். 2007இல் அதே மருத்துவர் ஆவணங்களை மறுபடி பார்த்து, கூடுதல் அனுபவத்தின் அடிப்படையில் மரணத்தின் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று மாற்றினார். உயிர் காக்க முயன்று பெரியவர்களுக்குச் செய்வது போல மார்பை அழுத்தியதில்கூட அந்தக் காயங்கள் வந்திருக்கலாம் என்பது அங்கே எழுந்த கேள்வி. ஆனால் 2011இல் அந்த மாநிலத்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் மனுவைத் தள்ளியது. தீர்மானிக்க முடியவில்லை என்பது குற்றமற்றவர் என்பதற்கு ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். 2013இல் அறிவியல் மாற்றங்களின் அடிப்படையில் தீர்ப்பை மறுபடி பார்க்க ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2014இல் அதே நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் அளித்தது. அறிவியல் மட்டுமல்ல, சாட்சி சொன்ன நிபுணரின் அறிவு மாறினாலும் அது கணக்கில் வரும் என்று 2015இல் சட்டத்தைத் தெளிவாக்கினார்கள்.

கூண்டில் ஒரு நிமிடத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பாருங்கள்.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

நம் ஃபுகஹாக்கள் "சாட்சியத்திலிருந்து திரும்புதல்" என்று தனிப் பாடமே எழுதியிருக்கிறார்கள்.

தீர்ப்புக்கு முன்னால் சாட்சி திரும்பினால், அந்தச் சாட்சியம் விழுந்துவிடும்; அதை வைத்துத் தீர்ப்பளிக்கக் கூடாது. தீர்ப்புக்குப் பின்னால் திரும்பினால், பொருள் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பு ரத்தாகாது. முதல் பேச்சும் அவருடையதுதான், இரண்டாவது பேச்சும் அவருடையதுதான். ஒன்றைவிட மற்றொன்றை நம்புவதற்கு என்ன ஆதாரம் என்று ஃபுகஹாக்கள் கேட்கிறார்கள். ஆனால் இவருடைய சாட்சியால் பொருளை இழந்தவருக்கு இவர் ஈடு கொடுக்க வேண்டும். உடலுக்கான தண்டனையாக இருந்து, அது இன்னும் நிறைவேறவில்லை என்றால், நிறைவேற்றாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். போன பொருளை ஈடு செய்யலாம், போன உயிரை மீட்க முடியாது.

அலீ (ரலி) அவர்களிடம் இரண்டு பேர் வந்து, ஒருவர் திருடியதாகச் சாட்சி சொன்னார்கள். அவருடைய கை வெட்டப்பட்டது. பிறகு அந்த இருவரும் வேறொருவரைக் கூட்டிவந்து, தவறு நடந்துவிட்டது, திருடியவர் இவர்தான் என்றார்கள். அலீ (ரலி) அவர்கள் இரண்டாமவருக்கு எதிரான சாட்சியை ஏற்கவில்லை. முதலாமவர் இழந்த கைக்கான தியத்தை அந்த இருவர் மீதும் சுமத்தினார்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்தது எனக்குத் தெரிந்தால் உங்கள் கைகளையும் வெட்டியிருப்பேன் என்று எச்சரித்தார்கள். புகாரி இமாம் தியத் பாடத்தில் இதைக் குறிப்பிடுகிறார்கள். அறியாமல் செய்த தவறு என்றாலும் பொறுப்பு உண்டு என்பதற்கு இது ஆதாரம்.

எந்த மாற்றம் மோசடி?

மாறுவதெல்லாம் கண்ணியம் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். புதிய ஆதாரம் எதுவும் வரவில்லை, புதிய ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஒரு கவர் வந்தது, ஒரு போன் வந்தது, உடனே கருத்து மாறியது என்றால் அது பொய்ச் சாட்சி. பெரும்பாவங்களைப் பட்டியலிட்டபோது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னதாக அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது.

நிபுணருக்கு முன்மாதிரி அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்கள். கைபர் தோட்டங்களின் விளைச்சலை மதிப்பிட நபி (ஸல்) அவர்கள் அவரை அனுப்பினார்கள். அங்கிருந்த யூதர்கள் தங்கள் பெண்களின் நகைகளைத் திரட்டிக் கொண்டுவந்து, மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். லஞ்சம் ஹராம், அதை நாங்கள் உண்ண மாட்டோம் என்று மறுத்த அவர்கள், இன்னொன்றையும் சொன்னார்கள்: உங்கள் மீது எனக்குள்ள வெறுப்பு உங்களுக்கு அநீதி செய்ய என்னைத் தூண்டாது. வானங்களும் பூமியும் இந்த நீதியால்தான் நிற்கின்றன என்று அந்த மக்களே சாட்சி சொன்னார்கள். முவத்தாவில் உள்ள இந்தச் சம்பவத்தில், பணத்துக்காகக் குறைக்கவும் இல்லை, பகைக்காகக் கூட்டவும் இல்லை.

திரும்புவதற்குரிய முறை

கருத்து உண்மையிலேயே மாறிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? மறைத்தவர்களைச் சபித்த அல்லாஹ், 2:160 வசனத்தில் விலக்குப் பெறுபவர்களுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறான்: தவ்பாச் செய்தார்கள், சீர்திருத்தினார்கள், தெளிவுபடுத்தினார்கள். வேத உண்மைகளை மறைத்தவர்கள் பற்றி வந்த வசனம் இது என்றாலும், மறைக்கப்பட்ட எந்த உண்மைக்கும் இதில் பாடம் இருக்கிறது. இதை வைத்து நான்கு விஷயங்களை மனதில் கொள்ளுங்கள்.

முதலாவது, தாமதிக்கக் கூடாது. இங்கிலாந்தில் "இகாரியன் ரீஃபர்" என்ற கப்பல் தொடர்பான வழக்கில், 1993இல் நீதிபதி கிரெஸ்வெல் நிபுணர்களின் கடமைகளைப் பட்டியலிட்டார். அறிக்கை கொடுத்த பிறகு கருத்து மாறினால், எதிர்த்தரப்புக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், தேவையானால் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

இரண்டாவது, உரிய இடத்தில் சொல்ல வேண்டும். காழியின் சபையில் திரும்பினால்தான் அது திரும்புதல் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். நீதிமன்றத்தில் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு, வீட்டில் மனைவியிடம் மட்டும் வருத்தப்படுவதால் சிறையில் இருப்பவருக்குக் கதவு திறக்காது.

மூன்றாவது, காரணத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் புதிய ஆதாரம், எந்த ஆய்வு, எந்த அனுபவம் தன்னை மாற்றியது என்று விளக்க வேண்டும். பிறழ் சாட்சியிடம் இந்தக் காரணம் இருக்காது. உண்மையாளரையும் விலைபோனவரையும் நீதிபதி பிரித்தறிவது இந்த இடத்தில்தான்.

நான்காவது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்ய முன்வர வேண்டும். மனிதனின் உரிமை சம்பந்தப்பட்ட பாவம், அந்த மனிதனிடம் கணக்குத் தீராமல் தீராது.

நம் மஹல்லாவில்

நாம் டாக்டர் இல்லை, தடயவியல் நிபுணர் இல்லை, இது நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் நிபுணராகத்தான் இருக்கிறோம்.

நகையை உரசிப் பார்த்துத் தரம் சொல்கிறவர், நிலத்தை அளந்து எல்லை காட்டுகிறவர், கட்டடத்தைப் பார்த்து உறுதி சொல்கிற இன்ஜினியர், ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுகிறவர் எல்லோரும் சாட்சிகள்தாம். ஜமாஅத் பஞ்சாயத்தில் ஒரு தலாக் பிரச்சனை வருகிறது. குடும்பத்தை அறிந்த பெரியவர் என்ற முறையில் நம்மைக் கேட்கிறார்கள். ஒரு பக்கத்துப் பேச்சைக் கேட்டுவிட்டு, தப்பெல்லாம் பெண் பக்கம்தான் என்று சொல்லிவிடுகிறோம். பத்து நாள் கழித்து உண்மை வேறு என்று தெரிகிறது. பஞ்சாயத்தைத் திரும்பக் கூட்டச் சொல்கிறோமா, இனி என்ன செய்வது என்று இருந்துவிடுகிறோமா?

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். தங்கமான பையன் என்று சொல்லி அனுப்புகிறோம். நிகாஹுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவனைப் பற்றி மறைக்கக் கூடாத ஒரு விஷயம் நமக்கு உறுதியாகத் தெரிய வருகிறது. பத்திரிகை அடித்துவிட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டால், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு நாம் சொன்ன பழைய சாட்சி அப்படியே நிற்கிறது. கேட்டவரிடம் தனியாகப் போய், நான் அன்று சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வது நம்மீது கடமை. ஊரெல்லாம் பரப்புவது கூடாது. கேட்டவருக்குத் தேவையான அளவு சொன்னால் போதும்.

ஆலிம்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். ஒரு குடும்பத்துக்குப் பாகப்பிரிவினைக் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். பிறகு கிதாபைப் பார்க்கும்போது ஒரு வாரிசை விட்டுவிட்டது தெரிகிறது. ஹஜ்ரத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று மக்கள் பேசுவார்களே என்று தயங்கினால், அந்த வாரிசின் பங்கு மறுமையில் எங்கள் கழுத்தில் இருக்கும். போன் எடுத்து, நான் சொன்னது தவறு, கணக்கை மாற்றுங்கள் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பலன் பெறுகிறவருக்கும் ஒரு வார்த்தை. நிபுணர் தவறிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும், தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்துவிட்டது. அது உங்களுக்கு ஹலால் ஆகிவிடாது. தாமும் ஒரு மனிதரே, வாதத்தைக் கேட்டுத் தீர்ப்பளிப்பதாகவும், சகோதரனின் உரிமையை ஒருவருக்கு அப்படிக் கொடுத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள்.

கண்ணியமானவர்களே! அரபியில் நிபுணருக்கு "ஃகபீர்" என்று சொல்வார்கள். சாட்சிகளுக்குக் கட்டளையிடும் 4:135 வசனத்தை முடிக்கும்போது, நீங்கள் சாட்சியத்தைப் புரட்டினாலும் புறக்கணித்தாலும் அல்லாஹ் நீங்கள் செய்வதை நன்கு அறிந்தவன் என்று எச்சரிக்க அல்லாஹ் பயன்படுத்துவதும் இதே வார்த்தைதான். நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி சொல்லும் 5:8 வசனமும் அல்லாஹ் "ஃகபீர்" என்றே முடிகிறது. பூமியில் உள்ள ஒவ்வொரு ஃகபீருக்கும் மேலே, கருத்து மாற வேண்டிய தேவையே இல்லாத ஒரு ஃகபீர் இருக்கிறான். அவனுக்கு முன்னால் நாம் எழுதிய ரிப்போர்ட்டும் நாம் எழுதாமல் விட்டதும் ஒன்றாகத் திறக்கப்படும். அந்த நாளுக்கு முன்பே திருத்திக்கொள்ள அவகாசம் தந்திருக்கிறான்.

யா அல்லாஹ்! நாங்கள் அறிந்ததை மட்டும் பேசும் நாவையும், அறியாததில் தெரியாது என்று சொல்லும் துணிவையும் தருவாயாக! எங்கள் வார்த்தையால் யாரும் அநியாயமாகப் பாதிக்கப்படாமல் காப்பாயாக! தவறிவிட்டால் தாமதமின்றி உண்மையின் பக்கம் திரும்பும் உள்ளத்தைத் தருவாயாக! பிறரின் தவறான சாட்சியால் சிறையிலும் துன்பத்திலும் இருக்கும் நிரபராதிகள் அனைவருக்கும் விடுதலையைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.